நோ கூத்துக்கு எந்தக் கதிரை?

கேள்வி: மகள் ரோக்கியோவில் படிக்கிறா. அவவிடம் போகும்போது 'நோ' என்ற முகமூடிக் கூத்தையும் பார்க்க எண்ணம். யப்பான் மொழி தெரியாது. எங்கே இருக்கலாம், எதைக் கவனிக்கலாம்?
– மானிப்பாய் வாசகி

பதில்: கதிரை எடுப்பதில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். மேடை ஏறக்குறைய 6 மீற்றர் சதுரம். நாலு மூலையிலும் தூண், மேலே கூரை. எங்கள் வட்டக்களரி மாதிரிச் சுற்றிவர இருக்கேலாது. கதிரைப் பகுதிகள் இவை: நேர்முன்னே 'ஷோமென்', இடப்பக்கம் 'வாகி-ஷோமென்', இரண்டுக்கும் நடுவில் மூலைப்பாடாக 'நகா-ஷோமென்'. மலிவென்று இந்தக் கடைசியை எடுத்தால், முன் தூண் கண்ணுக்கு நேரே நிற்கும். முகமூடியின் கண்துளை மிகச் சிறியது; ஆடுபவர் அந்தத் தூணைக் குறிவைத்தே மேடை விளிம்பை அறிகிறார். ஆகவே அதை அகற்றவும் வழியில்லை. காசு கொஞ்சம் கூடினாலும் ஷோமென் எடுங்கள். மேடையின் இடப்பக்கத்தில் சேரும் நடைபாலத்தால் ஆடுபவர் நடந்து வருவதைக் கிட்டப் பார்க்க ஆசையென்றால் வாகி-ஷோமெனும் நல்லது.

1983 இல் திறந்த தேசிய நோ அரங்கு ரோக்கியோவின் செந்தகாயாவில் இருக்கிறது. அங்கே முன்கதிரையின் முதுகில் சின்னத் திரையில் ஆங்கில வரிகள் ஓடும். என்றாலும் கதையை முதலே வாசித்துவிட்டுப் போங்கள். 'ஹகொரொமோ' முதன்முறைக்குத் தோதானது: தேவமகளின் இறகாடையை மீனவன் கண்டெடுக்கிறான்; அதைத் திருப்பித் தந்தால் ஆடிக் காட்டுகிறேன் என்கிறாள். கதை அவ்வளவுதான், மிச்சம் ஆட்டம்.

வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். முகமூடி இம்மியளவு நிமிர்ந்தால் முகம் மலரும், குனிந்தால் நிழல் விழுந்து வாடும். ஒரே மரத்துண்டுதான். கை மெல்ல எழுந்து கண்ணுக்கு முன்னே நின்றால் அது அழுகை.

மத்தளத்துக்குப் பழகிய காதுக்கு இரண்டு கைமேளங்கள் விருந்து. பெரியதின் தோலை, பறை காய்ச்சுவதுபோலத் தணலில் காய வைப்பார்கள். சத்தம் 'டக்' என்று வெட்டும். சின்னதற்கு எதிர்மாறாக ஈரம் வேண்டும். வாசிப்பவர்கள் நடுநடுவே 'யோ', 'ஹோ' என்று குரல் கொடுப்பது தாளக் கணக்கின் ஒரு பகுதி, திடுக்கிட வேண்டாம்.

படம் எடுக்கக்கூடாது. ஆட்டத்தின் நடுவே கைதட்டக்கூடாது. ஆடுபவர் பாலத்தால் முழுதாகப் போகும்வரை பொறுங்கள். கண் அயர்ந்தால் குற்றமில்லை, குறட்டைதான் ஆகாது.

கேள்வி: படங்களில் முகமூடிக்குக் கீழே ஆடுபவரின் தாடை தெரிகிறதே, அளவு பிழையா?
– கோப்பாய் வாசகர்

பதில்: இல்லை. பெண் முகமூடி ஏறக்குறைய 21 சென்ரிமீற்றர் உயரந்தான். முகத்தைவிடச் சிறிதாக இருப்பதே வழக்கம். கிழட்டு நடிகரின் தொங்கு தாடையோடு இளம்பெண் வருவாள். சனம் அதைக் குறையாக எடுப்பதில்லை.