ஸ்கோபஸில் பாதிக் கட்டுரைகள்தான் தெரிகின்றன என்றால்

ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளமான ஸ்கோபஸிலிருந்து கட்டுரைகள் பெரும்பாலும் தொலைந்திருக்காது. உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் பல வடிவங்களில் சிதறிக் கிடக்கும். நூலகப் பட்டியலில் இருப்பதில் பாதிதான் ஸ்கோபஸில் வருகிறது என்றால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். ஒருவர் முழுப் பெயரை எழுதுவார், இன்னொருவர் சுருக்கத்தை. மூன்றாமவர் துறையின் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

விடுபட்டவற்றில் பத்தை எடுத்து, டிஓஐ எண்ணைக் (கட்டுரைக்குத் தரப்படும் நிலையான அடையாள எண்) கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். கிடைத்தால், ஆசிரியர் பெயருக்குக் கீழே நிறுவனமாக என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பெயர் மாறியிருந்தால் இணைக்கச் சொல்லி ஸ்கோபஸுக்கே கோரிக்கை அனுப்பலாம்.

டிஓஐ கொடுத்தும் வராதவை வேறு கதை: அநேகமாக அந்த இதழையே ஸ்கோபஸ் சேர்த்திருக்காது. பெயர்த் திருத்தத்தால் அது சரியாகாது. கூகுள் ஸ்காலர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுக் குழம்பவும் வேண்டாம். அது ஆய்வேடுகளையும், இதழில் வெளிவருமுன் இணையத்தில் போடப்படும் முன்பதிப்புகளையும்கூடச் சேர்த்துக்கொள்கிறது.