முதல் கோலுக்கு வெடித்த வெடி

வணக்கம் சார்,

நான் நீலகிரி மாவட்டம் கூடலூரில் இருக்கிறேன். மகனுக்கு ஐந்து வயது முடிந்து மூன்று மாதம் ஆகிறது. சின்ன வயதில் எங்கள் அப்பா என்னைத் தோளில் உட்கார வைத்து எஸ்டேட் கிரவுண்டுக்கு ஃபுட்பால் பார்க்கத் தூக்கிப் போவார். அதே மாதிரி என் மகனையும் கூட்டிப் போக வேண்டும் என்று அவன் பிறந்ததிலிருந்தே ஆசை. போன ஜனவரியில் நாடுகாணி இறங்கி, கேரளாவில் நிலம்பூர் பக்கம் ஒரு செவன்ஸ் ஆட்டத்துக்கு, அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் ஃபுட்பாலுக்கு, கூட்டிப் போனேன். ராத்திரி ஆட்டம், கேலரி நிறைந்த கூட்டம். முதல் கோல் விழுந்ததும் வெடி வெடித்தார்கள். பையன் அலறிவிட்டான். கடலை வாங்கிக் கொடுத்தேன், மடியில் வைத்துக்கொண்டேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் "எல்லாரும் பேசாமதானே இருக்காங்க, உனக்கு மட்டும் என்ன?" என்று திட்டியும்விட்டேன். பாதியில் எழுந்து வந்தோம். வழியெல்லாம் விம்மிக்கொண்டே தூங்கிப் போனான். இப்போது டிவியில் ஃபுட்பால் போட்டாலே எழுந்து உள்ளே போய்விடுகிறான். "இப்ப எதுக்கு அவனை அங்கெல்லாம்" என்று முதலிலேயே சொன்ன மனைவி, இப்போது ஒன்றும் சொல்வதில்லை. அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது. நான் அவசரப்பட்டுவிட்டேனா? எந்த வயதில் கூட்டிப் போகலாம்? நீங்கள் உங்கள் மகளை மேட்ச்சுக்குக் கூட்டிப் போனதைப் பற்றி முன்பு ஒருமுறை குறிப்பிட்டிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

கூடலூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் அந்த வெடியில்தான் நின்றேன்.

கூடலூரில் ராத்திரி வெடிச் சத்தம் கேட்டால் என்ன அர்த்தம்? உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யானை வந்திருக்கிறது என்று அர்த்தம். வாழைத் தோப்புக்குள்ளோ எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டுப் பக்கமோ இறங்கிவிட்டது, விரட்டுகிறார்கள் என்று அர்த்தம். அந்த நேரத்தில் வீட்டில் என்ன செய்வோம்? கதவைச் சாத்துவோம், பிள்ளையை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வோம், "சத்தம் போடாதே" என்போம். ஐந்து வருஷமாக உங்கள் மகன் கற்றது அதுதான். அன்றைக்கு நிலம்பூரில் வெடி வெடித்தபோது சாத்துவதற்குக் கதவு இல்லை. சுற்றிலும் இருட்டு. பெரியவர்கள் எல்லாரும் எழுந்து நின்று கத்துகிறார்கள். அவன் அப்பாவும் கத்தியிருப்பார், கோல் அல்லவா? அந்த இடத்தில் அவன் அலறாமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

இது என் ஊகம். அவனிடமே கேளுங்கள், அதட்டாமல், சாப்பாடு ஊட்டும்போதோ தூங்கப் போகும்போதோ. "அன்னைக்கு அந்தச் சத்தம் கேட்டப்ப என்ன வந்துச்சுன்னு நினைச்ச?" அவ்வளவு போதும்.

இப்படி நினைக்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி அணி, இந்திய கிளப் அணிகள் மோதும் ஐ-லீக் கோப்பைக்காக மினர்வா பஞ்சாபுடன் ஆடிய கடைசி ஆட்டம். ஜெயித்தால் சாம்பியன். ஒரு புள்ளி பின்னால் நின்ற ஈஸ்ட் பெங்கால் அதே நாளில் கோழிக்கோட்டில் ஆடியது. இப்படி ஒரு நாள் நம் ஊர்ப் பக்கம் இனி எப்போது வரும் என்று நினைத்து, ஆறு வயது மகளைக் குன்னூரிலிருந்து கூட்டிக்கொண்டு இறங்கினேன். பர்லியாறு தாண்டுவதற்குள் இரண்டு முறை வாந்தி. காலையில் கிளம்பும்போது போட்ட ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன் என்று அடம். கோவையில் மார்ச் வெயில் எப்படி இருக்கும் என்று மலைப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

ஆட்டம் தொடங்கிய சூட்டோடு மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. ஸ்டேடியமே இடிந்து உட்கார்ந்தது. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் நமக்கு ஒரு பெனால்டி வரும் போலிருந்தபோது மகள் என் சட்டையை இழுத்து "பாத்ரூம்" என்றாள். போனோம். உள்ளே இருக்கும்போதுதான் பெட்ரோ மான்சி பெனால்டி அடித்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் எழுந்த சத்தம்தான். மகள் தலையைத் தூக்கி மேலே பார்த்துக் கேட்டாள்: "மழை வந்திருச்சா அப்பா?"

எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. ஐப்பசி மழை சொல்லிக்கொண்டு வராது, ஒரே அடியாகத் தகரத்தில் விழும், பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. ஆயிரக்கணக்கான பேர் கத்தியது அவள் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. நான் அப்போது அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோலைத் தவறவிட்ட கோபம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு திரும்பினேன். நீங்கள் திட்டிய அந்த ஒரு வரியைப் படித்தபோது எனக்கு அந்தக் கை ஞாபகம் வந்தது, நான் பிடித்து இழுத்த கை.

அப்புறம் கவுரவ் போரா இரண்டு கோல் போட்டார், 3-1 என்று முடிந்தது. 43 புள்ளியோடு நம் அணி சாம்பியன், ஈஸ்ட் பெங்காலுக்கு 42. அன்று நேரில் இருந்ததில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான், அந்த அணி இப்போது ஐ-லீக்கில் இல்லை என்பதால் கூடுதலாகவே. ஆனால் மகள் அந்தக் கடைசிக் கால் மணி நேரத்தை எப்படிப் பார்த்தாள் தெரியுமா? கழற்ற மாட்டேன் என்ற ஸ்வெட்டரைக் கழற்றி, தலையைச் சுற்றி காதோடு சேர்த்துக் கட்டி, கைகளைத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தனக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, கூட வந்த எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் பாட்டியிடம் சொன்னாள்: "அங்க ஆளுங்க மழை மாதிரி கத்துனாங்க."

செவன்ஸைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். மலப்புரத்துக்காரர்கள் அந்த ஆட்டத்தை வளர்த்து வைத்திருக்கும் விதத்துக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அறுவடை முடிந்த வயலில் பாக்கு மரத்தைக் கட்டிக் கேலரி போட்டு, ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்டக்காரர்களை வரவழைத்து, மழைக்காலம் வரும் வரை விடாமல் ஆடுகிறார்கள். அந்த ஆட்டத்தின் உயிரே நெருக்கத்தில்தான் இருக்கிறது. மைதானம் சின்னது, கூட்டம் கோட்டை ஒட்டி உட்கார்ந்திருக்கும், மைக்கில் கமெண்டரி மூச்சு விடாது. பெரியவர்களுக்குச் சொர்க்கம். ஐந்து வயதுக்காரனின் முதல் ஆட்டமாக அது மட்டும் வேண்டாம். அந்தத் தற்காலிகக் கேலரிகளில் சின்னப் பிள்ளையோடு ஏறுவதையும் நான் ஏற்க மாட்டேன். 2022 மார்ச்சில் வண்டூர் பக்கம் ஆட்டத்துக்கு நடுவில் ஒரு கேலரி சரிந்து பலர் காயம்பட்டார்கள். பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மாதிரி இடத்திலிருந்து எப்படி இறங்குவது?

எந்த வயது என்று கேட்டீர்கள். எனக்கு வயதில் பெரிய நம்பிக்கை இல்லை, எந்த ஆட்டம் என்பதில்தான் நம்பிக்கை. என் மகளின் இரண்டாவது ஆட்டத்தைச் சொல்கிறேன்.

கோவைக்குப் போய் வந்த ஏழெட்டு மாதம் கழித்து உதகையில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. இரண்டு உள்ளூர் டீம்கள். பார்க்க ஐம்பது பேர் இருந்தால் அதிகம். கோல் போஸ்ட்டுக்குப் பக்கவாட்டில், பந்து வந்து அடிக்காத தூரத்தில், புல்லில் ஒரு போர்வையை விரித்து உட்கார்ந்தோம். இருபது நிமிஷம் போல ஆகியிருக்கும், மேகம் இறங்கிவிட்டது. முதலில் எதிர்ப்பக்கக் கோல் போஸ்ட் மறைந்தது, அப்புறம் நடுக்கோடு, அப்புறம் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக. பந்தை உதைக்கிற 'டப்' சத்தமும், "விடு, விடு", "பின்னால ஆளு" என்ற குரல்களும் மட்டும் வந்தன. கண்ணுக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஆள், எங்கள் பக்கத்து கோல்கீப்பர். ஆரஞ்சு சட்டை. கையுறையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டார். பின்னால் கையை நீட்டிக் கம்பம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். இரண்டடி முன்னால் வந்து பனிக்குள் கூர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி பின்னால் போனார்.

மகள் கேட்டாள்: "அவருக்கும் பந்து தெரியலையா?"

"தெரியல."

"அப்ப எப்படிப் பிடிப்பாரு?"

எழுந்து நின்றுவிட்டாள். ரெஃப்ரி விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தும் வரை அந்த கோல்கீப்பரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஃபுட்பாலைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. கோவையில் ஒன்றரை மணி நேரம் நான் ஆஃப்சைடு என்றால் என்ன, கார்னர் என்றால் என்ன என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தேன், அவள் ஒன்றும் கேட்கவில்லை.

டிவியில் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுகிறது. பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது இந்தக் கோடியில் ஒருவர் தனியாக நின்று என்ன செய்கிறார் என்பதை நேரில் போனால்தான் பார்க்க முடியும். சின்னப் பிள்ளைக்கு இருபத்திரண்டு பேர் ஓடுவது வெறும் குழப்பம். கோல்கீப்பரைக் கண்டுபிடிப்பது சுலபம்: சட்டை நிறம் வேறு, நிற்கும் இடம் மாறாது, கையால் பிடிக்கலாம் என்ற ஒரு விஷயம் சொல்லாமலே புரியும். உங்கள் மகனுக்கு அவரைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள்.

அதற்கும் முன்னால் யாரும் இல்லாத கிரவுண்டுக்கு ஒருநாள் போய் வாருங்கள். மூன்றாம் நம்பர் பந்து ஒன்று வாங்குங்கள், அவன் வயதுக்கு அதுதான் அளவு. கோல் போஸ்ட்டுக்கு நடுவில் அவனை நிற்க வையுங்கள். 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது வீட்டைவிடப் பெரிதாகத் தெரியும். அவன் அங்கே என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், புல்லைப் பிடுங்கட்டும். அப்புறம் பகலில் ஒரு உள்ளூர் ஆட்டம், அதிலும் இரண்டாவது பாதி மட்டும். வேலிக்குப் பின்னால் நின்றால், குனிந்து அவன் உயரத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். பெரியவர்களின் இடுப்பு மட்டும் தெரிந்தால் இடத்தை மாற்றுங்கள். ட்ரில் மெஷின் வேலை செய்பவர்கள் போடுகிற காது மூடி குழந்தைகள் அளவிலும் கிடைக்கிறது, அதை வாங்கிப் பையில் வையுங்கள். பஞ்சு போதாது. "வீட்டுக்குப் போகலாம்" என்று அவன் பத்தாவது நிமிஷத்தில் சொன்னால், மறுபேச்சு இல்லாமல் எழுந்து வாருங்கள், ஸ்கோர் என்னவாக இருந்தாலும் சரி. கூப்பிட்டால் அப்பா வந்துவிடுவார் என்று தெரிந்தால்தான் அடுத்த முறை அவனாகக் கிளம்புவான்.

உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் உங்களைத் தூக்கிப் போனது வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், பகலில், தெரிந்த முகங்கள் ஆடிய கிரவுண்டுக்கு. வெடி கிடையாது. நீங்கள் தோளின் மேல் இருந்தீர்கள், எல்லார் தலைக்கும் மேலே. அவர் செய்ததைத்தான் செய்ய நினைத்தீர்கள், இடம்தான் வேறாகிவிட்டது. அம்மா இருந்தால் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், முதல் நாள் நீங்கள் அழுதீர்களா என்று.

செவன்ஸ் அடுத்த வருஷமும் வரும். அவனுக்கு எட்டு, ஒன்பது வயதாகும்போது மஞ்சேரியில் பய்யநாடு ஸ்டேடியம் இருக்கிறது, 2022-இல் கேரளா பெனால்டியில் பெங்காலை வென்று, மாநில அணிகளுக்கான சந்தோஷ் டிராஃபியைத் தூக்கிய இடம். உங்களுக்கு மலையிறங்கினால் எட்டிவிடும் தூரம்தான்.

மனைவியிடம் இந்த யானை விஷயத்தைச் சொல்லுங்கள். வெடிச் சத்தத்தில் அவன் என்ன நினைத்தான் என்று கேட்டதற்கு என்ன சொன்னான் என்பதை எனக்கும் எழுதுங்கள். என் ஊகம் தப்பாக இருந்தாலும் எழுதுங்கள்.