தலைவர்கள் பின்வாங்கினால் கார்பன் வரியும் போய்விடுமா?

கேள்வி: கோவையில் போல்ட், நட் செய்யும் சிறு தொழிற்கூடம் நடத்துகிறேன். ஆண்டுக்கு 20 டன் ஜெர்மனிக்குப் போகிறது. பொருளைத் தயாரிக்கும்போது வெளியான கரியமில வாயுவுக்காக ஐரோப்பா இறக்குமதிமீது போடும் கார்பன் எல்லை வரிக்கு, அங்குள்ள இறக்குமதியாளர் கணக்குக் கேட்கிறார். அமெரிக்காவே பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்திலிருந்து விலகிவிட்டது, ஐரோப்பாவும் இந்த வரியைக் கைவிட்டுவிடும் என்கிறார்கள் நண்பர்கள். காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்காதீர்கள். டிரம்ப் 2017இலும் 2025இலும் விலகலை அறிவித்தார், உண்மைதான். அதை வைத்து ஐரோப்பாவைக் கணிக்கக் கூடாது. எந்தத் தலைவரும் பருவநிலையை அதன் பொருட்டே முதலிடத்தில் வைப்பதில்லை. சொந்த நாட்டின் ஆலை, வேலை, வாக்கு ஆகியவற்றோடு அது சேரும் இடத்தில்தான் நிலைக்கும். இந்த வரி அப்படிச் சேர்ந்துவிட்டது. ஐரோப்பிய உருக்காலைகள் தாம் வெளியிடும் கரியமில வாயுவுக்கு உரிமம் பெற வேண்டும். இதுவரை பெரும்பகுதி இலவசமாகக் கிடைத்தது. 2026 முதல் 2034க்குள் அந்த இலவசம் படிப்படியாக நிற்கிறது. தன் ஆலைமீது செலவை ஏற்றிவிட்டு, நம் இரும்பைச் செலவின்றி உள்ளே விட அங்கே எந்த அரசும் துணியாது. தேதியைத் தள்ளுவார்கள், இந்த வரிக்காக இறக்குமதியாளர் வாங்க வேண்டிய சான்றிதழ்களில், 2026 இறக்குமதிக்கானவற்றின் விற்பனையே 2027 பிப்ரவரிக்குப் போய்விட்டது. சலுகையும் தருவார்கள்.

அந்தச் சலுகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆண்டுக்கு 50 டன் வரை விலக்கு என்பது உங்களுக்கான அளவு அல்ல, இறக்குமதியாளருக்கான அளவு. உங்களிடம் 20 டன், லூதியானாவில் 25 டன், சீனாவில் 10 டன் வாங்கினால் அவர் 55 டன் ஆகிவிடுகிறார். உங்கள் 20 டன்னும் கணக்கில் வரும். அலுமினியம் வாங்கினால் அதன் எடையும் சேரும். ஆகவே, ‘இந்த ஆண்டு உங்கள் மொத்த எடை எவ்வளவு?’ என்று அவரிடமே கேளுங்கள்.

இனி இடைத்தரகர்கள். மரம் நட்ட சான்றிதழ், கார்பன் கிரெடிட் என்று யாராவது விற்க வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அவற்றை இந்த வரியில் கழிக்க முடியாது. ‘சோலார் போட்டால் வரி குறையும்’ என்பவரும் அதே ரகம். மின்கட்டணத்துக்காகச் சோலார் போடலாம். ஆனால் இரும்புப் பொருள்களுக்கு இப்போதைய விதியில் மின்சாரம் தயாரிக்கும்போது வெளியாகும் கரியமில வாயு, அதாவது அதன் உமிழ்வு, சேர்வதே இல்லை.

போல்ட்டைப் பொறுத்தவரை ஏறக்குறைய முழுக் கணக்கும் நீங்கள் வாங்கும் வயர் ராடில், அதாவது மூலப்பொருளான எஃகுக் கம்பியில், இருக்கிறது. நிலக்கரியால் இயங்கும் ஊதுலையில் வந்த எஃகா, பழைய இரும்பை மின் உலையில் உருக்கியதா என்பதைப் பொறுத்து உமிழ்வு எண் பெரிதும் மாறும். சரிபார்க்கப்பட்ட எண் இல்லாவிட்டால், உயர்த்தி வைக்கப்பட்ட பொது மதிப்பையே இறக்குமதியாளர் போடுவார். அந்தச் சுமை விலைபேசும்போது உங்கள் தலையில்தான் விழும்.

அந்த எண்ணைத் தர வேண்டியது உருக்காலை. ஸ்டாக்கிஸ்டிடம் இரண்டு டன் வாங்கும் தொழிற்கூடத்துக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. டெல்லி இந்த வரியை உலக மேடைகளில் எதிர்ப்பது நியாயம்தான். ஆனால் எஃகோடு ஆலை தரும் தரச் சான்றான டெஸ்ட் சர்டிபிகேட்டில் உமிழ்வு பற்றி ஒரு குறிப்பு சேர்க்கும்படி ஆலைகளைக் கட்டாயப்படுத்த என்ன தயக்கம்? சிறு தொழிலுக்கு வேண்டியது அந்த ஒரு குறிப்புதான். கருத்தரங்குகள் நடத்தி என்ன பயன்?

அடுத்த கொள்முதல் ஆர்டரில் ஆலையின் பெயர், ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வந்த எஃகு என்று காட்டும் எண்), டன்னுக்கான உமிழ்வு மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், தொழில் சங்கத்தின் மூலம் பலர் சேர்ந்து ஆலைக்கே எழுதுங்கள்.