மெனு மறைந்திருந்தால் பக்கமும் மறைந்துவிடுமா?

கேள்வி: நான் வலிகாமம் பகுதியிலுள்ள சனசமூக நிலையம் ஒன்றின் செயலாளர். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் அமைத்த எமது இணையத்தளத்தின் மெனு கணினியில் முழுமையாகத் தெரிகிறது. கைத்தொலைபேசியில் மூன்று கோடுகளுக்குள் ஒளிந்துகொள்கிறது. ஊரிலுள்ள முதியவர்கள் தளத்தில் ஒன்றையும் காணவில்லை என்கிறார்கள். நான் வெளியிடும் ஒவ்வொரு புதிய பக்கமும் கேளாமலே மெனுவில் வந்து சேர்கிறது. நிர்வாக சபைக்கு மட்டும் உரிய கூட்டக் குறிப்புப் பக்கமும் அப்படி வந்துவிட்டது. தெரிந்த தம்பி ஒருவர் ஏதோ கோட் எழுதி அதை மெனுவில் தெரியாமற் செய்து தந்தார். அது இனி வெளியாருக்குத் தெரியாதுதானே?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை ஒரு கிழமை பொறுக்கலாம், இது பொறுக்காது. அந்தப் பக்கம் வெளியாருக்குத் தெரியும். தம்பி எழுதித் தந்தது பெரும்பாலும், பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் மொழியில் 'டிஸ்பிளே: நன்' என்ற ஒற்றை வரியாக இருக்கும். இந்த இணைப்பைத் திரையில் வரையாதே என்று உலாவிக்குச் சொல்வதைத் தவிர அந்த வரி வேறெதையும் செய்வதில்லை. இணைப்பு பக்கத்தின் மூலநிரலுக்குள் இருந்தபடியே இருக்கிறது. கணினியில் கன்ட்ரோல் விசையோடு யு விசையைச் சேர்த்து அழுத்துகின்ற எவரும் அதை வாசிக்கலாம், தேடுபொறிகளும் வாசிக்கும்.

அந்த இணைப்பை மெனுவிலிருந்து முறையாக நீக்கியிருந்தாலும் நிலைமை அதிகம் மாறியிராது. வெளியிடப்பட்ட பக்கம் தளத்தின் தேடற் பெட்டியில் அகப்படும். அத்தோடு, 2020 ஆகஸ்ட்டில் வந்த 5.5 பதிப்பிலிருந்து, வெளியிடப்பட்ட பக்கங்களின் முகவரிகளையெல்லாம் திரட்டித் தேடுபொறிகளுக்குக் கொடுக்கும் தளவரைபடக் கோப்பு ஒன்றை வேர்ட்பிரஸ் தானாகவே உருவாக்கி வைக்கிறது. அந்தக் கோப்பு உங்கள் மெனுவில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்ப்பதேயில்லை. ஒழுங்கை முகப்பிலிருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு வீட்டைப் பூட்டிவிட்டதாக நினைத்துக்கொள்வது போன்றதுதான் இது.

பூட்டு வேறோர் இடத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திருத்துவதற்குத் திறந்தால், வலப்பக்கப் பலகத்தில் அதன் நிலையைக் காட்டும் வரி இருக்கும். நீங்கள் வேறெதையும் தெரிவு செய்யாதவரை, வெளியிடும் எந்தப் பக்கமும் எல்லோருக்கும் திறந்ததாகவே வெளியாகும். அதை 'பிரைவேட்' என்று மாற்றினால், தளத்தில் நிர்வாகி அல்லது பதிப்பாசிரியர் என்ற உரிமையோடு கணக்கு வைத்திருப்பவர்கள் உள்நுழைந்த பின்னர் மாத்திரமே அதைப் பார்க்க முடியும். சபை உறுப்பினர் அனைவருக்கும் அத்தகைய கணக்குக் கொடுத்தால் அவர்களில் எவரும் தளத்தின் எந்தப் பக்கத்தையும் திருத்தவோ அழிக்கவோ கூடியவராகிவிடுவார் என்பதால் அதை நான் விரும்பமாட்டேன். கடவுச்சொல்லிட்டுப் பாதுகாக்கும் தெரிவு உங்களுக்குப் பொருந்தும். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் புதிய சபை தெரிவாகும்போது கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

இதில் இன்னுமொரு சிக்கல் உண்டு. கூட்டக் குறிப்புகளை நீங்கள் பிடிஎஃப் கோப்பாகத் தரவேற்றி, அந்தப் பக்கத்தில் இணைத்திருந்தால், பக்கத்துக்குப் போட்ட கடவுச்சொல் கோப்பைக் காக்காது. தரவேற்றிய கோப்புகள் ஆண்டு, மாதம் என்ற வரிசையில் 'அப்லோட்ஸ்' என்ற கோப்புறைக்குள் போய் உட்காருகின்றன. முகவரி தெரிந்தவர் பக்கத்தைத் தொடாமலே கோப்பை நேரே திறக்கலாம். கடன், சந்தா நிலுவை, ஒருவர் மீதான முறைப்பாடு போன்றவை அந்தக் குறிப்புகளில் இருக்குமானால், அவற்றைத் தளத்திலிருந்து முற்றாக அகற்றி, குறித்த மின்னஞ்சல்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்த கூகுள் டிரைவ் கோப்புறை ஒன்றில் வைப்பதே நல்லது.

புதிய பக்கங்கள் தாமாக மெனுவில் ஏறுவது கோளாறு அன்று, தொடக்கத்திலேயே அப்படி அமைத்திருக்கிறார்கள். மெனு என்று ஒன்றை நீங்கள் கட்டி வைக்காதவிடத்து வெறுமையான தலைப்பைக் காட்டுவதிலும் பார்க்க இருக்கின்ற பக்கங்களையெல்லாம் காட்டுவது மேல் என்று வேர்ட்பிரஸ் கருதுகிறது. நிர்வாகப் பகுதியில் 'அப்பியரன்ஸ்' என்பதன் கீழ் 'எடிட்டர்' என்று இருந்தால் உங்களுடையது புதிய வகை வார்ப்புரு (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் 'தீம்'). அதில் மெனுவைத் தெரிவு செய்து உள்ளே பார்த்தால், தனித்தனி இணைப்புகளுக்குப் பதிலாக 'பேஜ் லிஸ்ட்' என்ற ஒரே உறுப்பு இருப்பதைக் காண்பீர்கள். அதன் 'எடிட்' பொத்தானை அழுத்தும்போது, இனிமேல் புதிய பக்கங்கள் தாமாகச் சேரமாட்டா என்று ஓர் அறிவிப்பு வரும். பலர் அதைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது அதுவேதான், துணிந்து ஒப்புக்கொள்ளுங்கள். அதன் பின்னர் ஒவ்வோர் இணைப்பையும் தனியே நீக்கலாம், இடம் மாற்றலாம். தம்பியின் வரியையும் அகற்றிவிடலாம். 'எடிட்டர்' என்பதற்குப் பதிலாக 'மெனுஸ்' என்று இருந்தால் அது பழைய வகை. அங்கே மெனு ஒன்றை உருவாக்கி உரிய இடத்துக்கு ஒதுக்குங்கள். புதிய பக்கங்களைத் தானாகச் சேர்க்கும் கட்டத்தில் சரி அடையாளம் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இனி அந்த மூன்று கோடுகளுக்கு வருவோம். நேற்றுப் பிறந்த நாகரிகம் என்று பலர் நினைக்கும் அந்தக் குறி, 1981 இல் வெளியான ஸெரொக்ஸ் ஸ்டார் என்னும் கணினிக்காக நோர்ம் கொக்ஸ் என்பவர் வரைந்தது. உங்கள் முதியவர்களில் பலர் இளைஞர்களாக இருந்த காலத்தது. வயது நாற்பதைக் கடந்தும் அதன் பொருள் எல்லோருக்கும் விளங்கிவிடவில்லை. சில மாதங்களுக்கு முன்னர், கோயிலொன்றின் தளத்தில் பூசை நேரத்தைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டு என் பெரியம்மாவிடம் தொலைபேசியைக் கொடுத்தேன். அவர் பெருவிரலால் பக்கத்தை அடிவரை தள்ளிக்கொண்டு போனார், மறுபடி மேலே வந்தார், "இதிலை ஒண்டும் இல்லைத் தம்பி" என்று திருப்பித் தந்தார். மேல் மூலையிலிருந்த கோடுகளைக் காட்டினேன். "அது சும்மா கீறி விட்டிருக்கு எண்டெல்லே நினைச்சன்" என்றார். அவர் மீது பிழையில்லை. இணையத்தளங்களின் பயன்பாட்டை ஆராயும் நீல்சன் நோர்மன் குழுமம் 2016 இல் 179 பேரைக் கொண்டு 6 தளங்களில் நடத்திய ஆய்விலும், முதன்மை மெனுவை மறைத்து வைத்தால் தளத்திலுள்ளவற்றைப் பயனர்கள் கண்டுபிடிப்பது ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்துவிடுவதாகவே தெரியவந்தது.

வேர்ட்பிரஸ்ஸின் புதிய மெனு உறுப்பில் 'ஓவர்லே மெனு' என்ற தெரிவுக்கு மூன்று நிலைகள் உண்டு. 'ஓஃப்' என்றால் எந்தத் திரையிலும் மெனு மறையாது. 'ஆல்வேஸ்' என்றால் பெரிய கணினித் திரையிலும் கோடுகளுக்குள் மறையும். இடையிலுள்ள 'மொபைல்' என்பதே தொடக்க நிலை. பல பதிப்புகளாக அதன் எல்லை 600 பிக்சல் அகலமாகும்: அதற்குக் குறைந்த திரையில் மெனு மறையும், கூடியதில் விரியும். இந்த எல்லை 'ஹோம்', 'அபவுட்' போன்ற குறுஞ்சொற்களுக்குத் தாக்குப்பிடிக்கும். எங்களுடைய மெனுவிலோ 'எம்மைப் பற்றி', 'நிர்வாக சபை', 'வாசிகசாலை', 'தொடர்புகளுக்கு' என்று சொற்கள் நீண்டு கிடக்கின்றன. இப்படி ஏழு சொற்களை வைத்தால், நிமிர்த்திப் பிடித்த டப்லெட்டின் 768 பிக்சலில் ஒரே வரியில் அடங்குவது கடினம். கடைசி ஒன்றிரண்டு சொற்கள் அடுத்த வரிக்கு இறங்கித் தலைப்புப் படத்தின் மேல் ஏறி நிற்கும். கணினியில் ஆங்கிலத்தை வைத்துப் பரிசோதித்துவிட்டுத் தமிழுக்கு மாற்றும் வடிவமைப்பாளர்கள் இதைக் காண்பதேயில்லை.

ஆகவே தெரிவை மாற்றுவதற்கு முன் மெனுவைச் சுருக்குங்கள். உங்கள் தளத்துக்கு வருபவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று யோசித்துப் பார்த்தால், ஊரில் இருப்பவர் நிகழ்வு விபரத்தையும் முன்பள்ளி அறிவித்தலையும் தேடுவார்; இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பவர் படங்களையும் நன்கொடை அனுப்பும் வழியையும் தேடுவார். நிகழ்வுகள், முன்பள்ளி, படங்கள், நன்கொடை என்ற நான்கும் மேலே நின்றாற் போதும். வரலாறு, யாப்பு, முன்னாள் தலைவர்கள் ஆகியவற்றைப் பக்கத்தின் அடியில் வையுங்கள், அவற்றைத் தேடி வருபவர் பொறுமையுள்ளவர். நான்கு இணைப்புகளே இருக்கும்போது 'ஓஃப்' நிலையைத் தெரிவு செய்யலாம். கைத்தொலைபேசியில் அவை இரண்டு வரிகளாகத் தலைப்பின் கீழ் எந்நேரமும் தெரிந்துகொண்டிருக்கும், கண்டுபிடிப்பதற்கு எதுவும் இராது. அழகு சற்றுக் குறையும் என்று உங்கள் தம்பி சொல்லக்கூடும், குறையட்டும்.

சபையார் எதையும் விட்டுக்கொடுக்காமல் ஏழும் வேண்டும் என்று நின்றால், 'மொபைல்' நிலையை வைத்துக்கொண்டு, அதே பலகத்தில் குறியைக் காட்டும் தெரிவை நிறுத்திவிடுங்கள். கோடுகளின் இடத்தில் 'மெனு' என்ற சொல்லே வரும். தளத்தின் மொழி ஆங்கிலமாக இருந்தால் அது ஆங்கில எழுத்தில்தான் வரும். ஆனாலும் கோடுகளை விட ஒரு சொல் அழுத்தத் தூண்டும்.

உபமெனுக்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு சொல். சுட்டியை மேலே கொண்டு சென்றவுடன் விரிவதே அவற்றின் தொடக்க நிலை. கை நடுங்கும் ஒருவர் சுட்டியைச் சற்று விலக்கியதும் பட்டியல் மறைந்துவிடும். சொடுக்கினால் மட்டும் திறக்கும்படி மாற்றும் தெரிவு மெனு உறுப்பின் பலகத்திலேயே இருக்கிறது. கைத்தொலைபேசியில் மறைமெனுவைத் திறக்கும்போது இந்த உறுப்பு உபமெனுக்கள் அனைத்தையும் விரித்தபடியே காட்டுவதால், கணினியில் ஒழுங்காகத் தோன்றும் மெனு அங்கே நீண்ட பட்டியலாகிவிடும். உங்களுக்கு உபமெனுவே தேவையில்லை என்பது என் கருத்து.

எல்லாம் முடிந்த பின்னர், நீங்கள் நிர்வாகியாக உள்நுழைந்திருக்கும் உலாவியில் வைத்துச் சரிபார்க்க வேண்டாம். பூட்டிய பக்கமும் உங்களுக்குத் திறந்தே தோன்றக்கூடும். உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் கூட்டக் குறிப்புப் பக்கத்தின் முகவரியை இட்டுப் பாருங்கள், பிடிஎஃப் கோப்பின் முகவரியையும் தனியே இட்டுப் பாருங்கள். பிறகு நிலையத்துக்குப் பேப்பர் வாசிக்க வரும் பெரியவர் ஒருவரிடம் தொலைபேசியைக் கொடுத்து, அடுத்த நிகழ்வு எப்போது என்று கேளுங்கள். அவர் தேடும்போது நீங்கள் விரலை நீட்டிக் காட்டிவிடாதீர்கள்.