மகள் கொலைக் கதை எழுதுகிறாள்: பாலக்கோட்டிலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

கேள்வி: மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், பயாலஜி குரூப். பள்ளிப் பிள்ளைகளே துப்பறிகிற இங்கிலீஷ் நாவல்களை லைப்ரரியிலும் தோழிகளிடமும் வாங்கி வாங்கிப் படிக்கிறாள். தானும் அந்த மாதிரி எழுத்தாளராகப் போகிறேன் என்கிறாள். மூன்று நோட்டு நிரப்பிவிட்டாள். எல்லாம் கொலை, ஆள் காணாமல் போவது. நர்சிங் சேர்க்கலாம் என்றிருந்தோம். இதில் சோறு கிடைக்குமா? இந்த வயதில் கொலையைப் பற்றி எழுதுவது சரிதானா?

அம்மா, சோற்றுக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். நாவலை மட்டும் நம்பினால் கிடைக்காது. 200 ரூபாய் விலையுள்ள புத்தகம், எழுதியவருக்கு 10 சதவீத ராயல்டி, 500 பிரதி விற்றது என்று வையுங்கள். கைக்கு வருவது 10,000 ரூபாய். ஒரு வருட உழைப்புக்கு அவ்வளவுதான். தக்காளி நல்ல விலைக்குப் போகும் வாரத்தில் உங்கள் ஊர் மார்க்கெட்டில் இதைவிடப் பெரிய தொகை ஒரே காலையில் கைமாறும்.

ஆனால் இதை வைத்து நோட்டைப் பிடுங்கிவிடாதீர்கள். இளையோர் நாவலில் பெயர் வாங்கியவர்களில் பலர் வேறொரு வேலையில் இருந்துகொண்டே எழுதியவர்கள். பதினான்கு வயது உளவாளிப் பையனை வைத்துத் தொடர் எழுதிய இங்கிலாந்தின் ஆண்டனி ஹோரோவிட்ஸ் டிவி தொடர்களுக்குக் கதை எழுதியவர். ‘ஹங்கர் கேம்ஸ்’ எழுதிய அமெரிக்காவின் சுசான் காலின்ஸ் நாவலுக்கு வருமுன் குழந்தைகள் டிவி நிகழ்ச்சிகளுக்கு எழுதிக்கொண்டிருந்தார். 2017-இல் முதல் நாவலிலேயே பெயர் பெற்ற கேரன் மெக்மேனஸ் இதழியல் படித்தவர், மார்க்கெட்டிங் வேலை பார்த்தபடி எழுதியவர். அவ்வளவு தூரம் போவானேன்? நம் சுஜாதா பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனத்தில் என்ஜினியராக இருந்தவர். அவர் கதைகளில் துப்பறியும் கணேஷ்–வசந்த் இருவரும் வக்கீல்கள். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே படிப்பைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

மூன்று நோட்டுக்கு வருவோம். மகளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இதில் எந்தக் கதை முடிந்திருக்கிறது? இந்த வயதில் மூன்று நோட்டு என்றால் பெரும்பாலும் மூன்று தொடக்கங்கள் என்று அர்த்தம். முதல் அத்தியாயத்தில் ஒரு பெண் காணாமல் போவாள், இரண்டாவதில் எல்லோர்மீதும் சந்தேகம் வரும், நாலாவதில் பேனா நின்றுவிடும். காரணம் சோம்பேறித்தனம் இல்லை. குற்றவாளி யார் என்று எழுதுகிறவளுக்கே தெரியாது, அதனால்தான். மர்ம நாவலைப் பின்பக்கமிருந்துதான் கட்ட வேண்டும். யார் செய்தார், ஏன், எப்படி மறைத்தார், எந்தச் சின்னத் தவறால் மாட்டினார் என்ற நான்கையும் ஒரு பக்கத்தில் எழுதி முடிக்காமல் முதல் அத்தியாயத்தைத் தொடக்கூடாது.

அந்த ஒரு பக்கம் ஆனதும் ஒரு பெரிய தாளில் கட்டம் போடச் சொல்லுங்கள். இடப்பக்கம் மணி, மேலே பாத்திரங்களின் பெயர். சம்பவம் நடந்த நாளில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மணிக்கும் உண்மையில் எங்கே இருந்தார்கள் என்று ஒரு மையில், எங்கே இருந்ததாகச் சொன்னார்கள் என்று வேறு மையில். இரண்டு மையும் ஒத்துப்போகாத கட்டங்கள்தான் கதை. சந்தேகப்பட நாலைந்து பேர் போதும். எட்டுப் பேரானால் படிக்கிறவர்களுக்குப் பெயரே நிற்காது. குறைந்தது மூன்று நிஜத் துப்புகள் கதையின் முதல் பாதியிலேயே கண்ணில் பட்டிருக்க வேண்டும், ஆனால் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில். கடைசி அத்தியாயத்தில் புதிதாக ஒரு மாமா வந்து குற்றவாளியானால் அது ஏமாற்று வேலை. பதினைந்து வயது வாசகர்கள் இதை மன்னிக்கவே மாட்டார்கள்.

இளையோர் நாவலுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. துப்பறிவது பதினாறு பதினேழு வயதுப் பிள்ளை. அப்படியானால் அப்பா, அம்மா, டீச்சர், போலீஸ் எல்லாம் எங்கே போனார்கள்? இதற்கு நம்பும்படியான பதில் இல்லாவிட்டால் கதை பத்தாம் பக்கத்தில் விழும். பெரியவர்களை முட்டாளாக்குவது சோம்பேறி வழி. அவர்களுக்கும் மறைக்க ஒரு காரணம் இருக்க வேண்டும்: கடன், சாதி, மானம், பாதியில் நிற்கும் கல்யாணப் பேச்சு. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பள்ளி வயதில் கல்யாணம் பேசி முடிப்பது இன்னும் ஒழியவில்லை. திங்கட்கிழமை வகுப்புக்கு வராத ஒரு மாணவியைப் பற்றி ஊரே வாயைத் திறக்கவில்லை என்றால் அதைவிட வலுவான தொடக்கம் வேறென்ன வேண்டும்?

அவள் எழுதியதில் லாக்கர், ஷெரீஃப், புரோம் பார்ட்டி என்று அமெரிக்கச் சமாச்சாரமெல்லாம் வருகிறதா என்று பாருங்கள். படித்ததன் நிழல் அது, திட்ட வேண்டாம். பதிலுக்கு ஊரைக் காட்டுங்கள். பிளஸ் ஒன் பெண்ணிடம் சொந்த போன் இருக்காது, அம்மா போனில்தான் வாட்ஸ்அப். துப்பறியும் கதைக்கு இது வரம், ஏனென்றால் போனைக் கையில் கொடுத்தால் பாதி மர்மம் ஒரே அழைப்பில் தீர்ந்துவிடும். வத்தல்மலைச் சரிவு, தொப்பூர் கணவாயின் இரவு லாரிகள், தண்ணீர் தேங்கிக் கிடக்கும் பழைய கிரானைட் குழிகள், ஒகேனக்கல் பரிசல் துறை, அஞ்செட்டிப் பக்கம் யானைக்குப் பயந்து சீக்கிரம் கதவடைக்கும் ஊர்கள், மாங்கூழ் ஆலையின் சீசன் வேலையாட்கள், ஓசூர் கம்பெனிகளின் ஷிப்ட் பஸ், தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த வீதி. நாவலுக்கு இடம் தேடி அவள் வெளியூர் போக வேண்டியதே இல்லை.

எந்த மொழியில் எழுதுவது என்று அடுத்துக் கேட்பாள். கோபம் வந்தால் எந்த மொழியில் வாய் திறக்கிறாளோ அதில். தமிழில் பெரியவர்களுக்கான க்ரைம் நாவல் மரபு பெரிது, குழந்தைக் கதைகளும் உண்டு. நடுவே 13 முதல் 18 வயதுக்கான அலமாரிதான் ஒல்லி. அங்கே ஆள் தேவை, ஆனால் வாங்கும் கூட்டமும் இனிமேல்தான் வர வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கீழடியை மையமாக வைத்து உதயசங்கர் எழுதிய ‘ஆதனின் பொம்மை’ நாவல் 2023-இல் சாகித்திய அகாதெமியின் சிறார் இலக்கிய விருதான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. ஆங்கிலத்துக்கு இணையாகத் தமிழில் என்ன நடக்கிறது என்று அவள் பார்க்க அது ஒரு நல்ல வாசல்.

அளவு: ஆங்கிலத்தில் இந்த வகை நாவல் சாதாரணமாக 60,000 முதல் 90,000 சொல் வரை போகும். தமிழில் சொற்கள் ஒட்டி நீளும் என்பதால் 40,000 சொல்லே நிறைவான புத்தகம். வாரம் ஐந்து நாள், நாளுக்கு 300 சொல் என்றால் வாரத்துக்கு 1,500. சுமார் 27 வாரத்தில் முதல் வரைவு முடியும். 300 சொல் என்பது முக்கால் மணி நேர வேலை, படிப்பைத் தின்னாது. பிளஸ் டூ தொடங்குமுன் ஒரே ஒரு வரைவை முடிக்கட்டும். பிளஸ் டூ வருடத்தில் திருத்தம் மட்டும், டிசம்பருக்குப் பிறகு அதுவும் வேண்டாம். முடித்துவிட்டாள் என்றால் இது விளையாட்டில்லை என்று நீங்கள் நம்பலாம். முடிக்க முடியாமல் போனாலும் நஷ்டமில்லை, அவளே தெரிந்துகொள்வாள். நடை அழகாக இருக்கிறதா என்பதை இந்த வயதில் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முடிக்கிறாளா என்பதுதான் அளவுகோல்.

நோட்டில் எழுதினால் ஒவ்வொரு ஞாயிறும் பக்கங்களை போனில் படம் எடுத்துவைக்க வேண்டும். தட்டச்சு யூனிகோடில்தான் இருக்க வேண்டும். டிடிபி கடையில் பழைய பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கினால் பிறகு மாற்றும்போது எழுத்து உடைந்து, பிழைதிருத்தம் இரட்டை வேலையாகிவிடும். தமிழ்99 விசைப்பலகையை இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடலாம்.

இப்போது படிப்பு. நர்சிங்கை நான் தட்டிக்கழிக்கவில்லை. அவளுக்கே அதில் மனம் இருந்தால் நல்ல வேலை, அவசர சிகிச்சைப் பிரிவின் ஏ.ஆர். நோட்டில் (விபத்துப் பதிவேடு) இருக்கும் கதைகள் எந்த நாவலிலும் கிடையாது. மனமில்லாமல் சேர்த்தால் இரவு ஷிப்ட் முதலில் விழுங்குவது எழுத்தைத்தான். என் முதல் பரிந்துரை சட்டம். தர்மபுரியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் இடம் கிடைக்கும், தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டியதில்லை. பயாலஜி குரூப் தடையில்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். மாற்று வழியாக தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசுக் கலைக் கல்லூரிகளில் தமிழோ ஆங்கிலமோ படித்துவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி. சேரலாம். வக்கீல் தொழில், டிஎன்பிஎஸ்சி, கம்பெனிகளின் சட்டப் பிரிவு என்று சோற்றுக்கு வழி பல.

சட்டம் எழுத்துக்கு என்ன தரும்? 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கான தண்டனைப் பிரிவு இப்போது 302 இல்லை, 103. அதற்குப் பின் நடக்கும் கதையில் இன்ஸ்பெக்டர் ‘302-இல் உள்ளே தள்ளிடுவேன்’ என்றால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சாட்சி சொல்ல வேண்டிய பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, அவள் வசிக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும். ஆகவே உங்கள் மகளின் கதாநாயகியை ஸ்டேஷனில் நாள் முழுக்க உட்காரவைத்தால் அது போலீஸின் அத்துமீறல். அதைத் தெரிந்து எழுதினால் காட்சி, தெரியாமல் எழுதினால் பிழை. 18 வயதுக்குக் குறைந்தவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். கொடுங்குற்றமாக இருந்து செய்தவருக்கு 16 வயது நிரம்பியிருந்தால், பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் ஆராயும். பதினைந்தே முக்கால் வயதா, பதினாறா என்ற ஒரு பிறப்புச் சான்றிதழ் கேள்வியில் ஒரு நாவலே ஒளிந்திருக்கிறது.

இதையொட்டி ஓர் எச்சரிக்கை. உங்கள் பக்கத்து ஊரில் உண்மையாக ஒரு பிள்ளைக்கு நடந்ததை அப்படியே எழுத வேண்டாம். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. பள்ளி, தெரு, உறவு என்று எதைப் பார்த்தாலும் ஆளை அடையாளம் காண முடிகிறதென்றால் அது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை, சட்டச் சிக்கலும் வரும்.

பதிப்பு விஷயத்தில் அவசரமே வேண்டாம். ‘பணம் கட்டுங்கள், இளம் எழுத்தாளர் விருதும் தருகிறோம்’ என்று வரும் அழைப்புகளை ஒதுக்கிவிடுங்கள். உண்மையான பதிப்பாளர் எழுத்தாளருக்குத்தான் பணம் தருவார். 18 வயதுக்குள் அவள் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது, கையெழுத்து காப்பாளரான உங்களுடையதாகவே இருக்கும், ஆகவே படித்துப் பாருங்கள். உரிமை மாற்றம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் பதிப்புரிமைச் சட்டப்படி ஐந்தாண்டு என்றும், எந்த இடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் கொள்ளப்படும். ‘எல்லா உரிமைகளும் நிரந்தரமாக’ என்ற வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். ஆடியோ, சினிமா, மொழிபெயர்ப்பு உரிமைகளைத் தனித்தனியாகப் பேச வேண்டும். ராயல்டிக் கணக்கு வருடத்துக்கு எத்தனை முறை வரும் என்பதும் தாளில் இருக்கட்டும். ஐஎஸ்பிஎன் எண்ணை மத்திய அரசின் முகமை இலவசமாகவே தருகிறது, அதற்கென்று உங்களிடம் கட்டணம் கேட்டால் உஷாராகுங்கள். பிரதிலிபி போன்ற கதை வாசிப்புச் செயலிகளில் தொடராகப் போடுவது வாசகர் பழக்கத்துக்கு நல்லது. ஆனால் முழு வரைவும் கையில் இருக்கும்போதுதான் முதல் அத்தியாயத்தை ஏற்ற வேண்டும். லைக்குக்காகக் கதையை நடுவழியில் மாற்றி, குற்றவாளியைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர்.

கடைசியாக உங்கள் இரண்டாவது கவலை. கொலைக் கதை எழுதுவதால் மனம் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பயத்தை ஒழுங்குபடுத்தி அடுக்கிவைப்பது ஆரோக்கியமான வேலைதான். ஆனால் கதை என்ற பெயரில் தன்னையே அழித்துக்கொள்ளும் வரிகள் திரும்பத் திரும்ப வந்தால், கூடவே தூக்கமும் சாப்பாடும் குறைந்தால், அதைக் கதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். 14416 என்ற டெலிமனாஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

அடுத்த முறை தர்மபுரியிலோ ஓசூரிலோ புத்தகத் திருவிழா நடக்கும்போது 500 ரூபாயும் ஒரு சின்ன நோட்டும் கொடுத்து அனுப்புங்கள். தன் வயதுக்கான நாவல்களைப் போடும் ஐந்து பதிப்பகங்களின் பெயர், முகவரி, புத்தகத்தின் பக்க எண்ணிக்கை, விலை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வரட்டும். மீதிப் பணத்துக்குப் புத்தகம்.