பிள்ளைகளின் முதல் மேடை – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாறசாலைக்குப் பக்கத்தில் வீட்டில் வைத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். மொத்தம் 14 பேர். ஏழு வயதுப் பிள்ளையும் உண்டு, பதினாலு வயதுப் பையனும் உண்டு. பாதிப்பேர் வீட்டில் தமிழ், பாதிப்பேர் வீட்டில் மலையாளம். இந்த நவராத்திரிக்கு எங்கள் ஊர்க் கோயில் மேடையில் ஒருநாள் மாலை இரண்டு மணி நேரம் தந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் இதுதான் முதல் மேடை. இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

பெற்றோர் ஆளாளுக்குப் பெரிய கீர்த்தனையாகக் கேட்கிறார்கள். டிவி போட்டியில் அந்தப் பிள்ளை ஆலாபனை பாடுகிறதே, நம் பிள்ளைக்கு ஏன் வராது என்கிறார் ஒருவர். ஒன்பது வயதில் ஒரு பெண் இருக்கிறாள். அப்படியொரு சுருதி சுத்தம். ஆனால் ஒரு சொல் மறந்துபோனால் போதும், நிறுத்திவிட்டு அழத் தொடங்கிவிடுவாள். அவளை மேடையேற்றலாமா? முன்னால் நோட்டோ போனோ வைத்துப் பாட விடலாமா?

என் பெயர் வேண்டாம் அக்கா.

ஒரு பாட்டு டீச்சர்

*

அன்புள்ள டீச்சருக்கு,

முதலில் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேரம் என்றால் 120 நிமிடம். தொடக்கத்திலும் முடிவிலும் எல்லாரும் சேர்ந்து பாடக் கால் மணி நேரம். சந்தியா தீபாராதனைக்கு நடை திறக்கும்போது மணியும் மேளமும் முழங்கும். அந்த நேரத்தில் எந்தப் பிள்ளையையும் பாட வைக்காதீர்கள், அதன் குரல் அதற்கே கேட்காது. அதற்கும் கால் மணி நேரம். மிச்சம் 90 நிமிடத்தைப் பதினாலு பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு ஆறு நிமிடம் சொச்சம். வந்து உட்கார்ந்து, மைக்கைச் சரிசெய்வதும் அதற்குள்தான். இதில் ராகத்தைச் சொல்லில்லாமல் விரிக்கும் ஆலாபனைக்கும், ஒரே வரியை விதவிதமாகப் பாடும் நிரவலுக்கும் இடம் ஏது? இந்தக் கணக்கைப் பெற்றோரிடம் அப்படியே காட்டுங்கள். பாட்டைத் தேர்ந்தெடுப்பது டீச்சரின் வேலை என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஆறு வாரத்தில் புதுப்பாட்டு சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். பிள்ளை ஓராண்டாகப் பாடிப் பாடித் தன்னுடையதாக்கிக்கொண்ட பாட்டுதான் மேடையில் நிற்கும். ஏழு வயதுப் பிள்ளைக்கு மோகன ராகத்தில் 'வரவீணா' என்ற தொடக்கநிலைக் கீதம் போதும். ரூபக தாளம் பிசகாமல் ஒரு கீதத்தைப் பாடி முடிக்கும் பிள்ளையைக் கேட்பது எனக்கு எப்போதும் பெரிய சந்தோஷம். கீதத்துக்கு அடுத்த பாடமான வர்ணம் தெரிந்தவர்கள் அதை இரண்டு காலத்திலும், அதாவது இரண்டு வேகத்திலும், பாடட்டும். மூத்த பிள்ளைகளில் ஒருத்திக்காவது நீலகண்ட சிவனின் ஒரு பாட்டைக் கொடுங்கள். பத்மநாபபுரத்திலும் திருவனந்தபுரத்துக் கரமனையிலும் வாழ்ந்த பாடலாசிரியர் அவர். 'ஆனந்த நடமாடுவார்' தில்லையைப் பற்றிய பாட்டென்றாலும் அது பிறந்த மண் உங்கள் மண். இளம் வயதில் பாபநாசம் சிவனை ஈர்த்ததும் அவருடைய பஜனைதான். உங்கள் பிள்ளைகள் அவர் பெயரைக்கூடக் கேள்விப்படாமல் வளர்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி, அந்த ஒன்பது வயதுப் பெண். இந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமானவள் அவள்தான்.

அவளுக்குப் பாட்டு தெரியாமல் இல்லை. பல்லவியின் முதல் எழுத்தில் தொடங்கி வரிசையாக மட்டுமே தெரிந்திருக்கிறது. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் அடுத்த கண்ணி எங்கே என்று தெரியாமல் திகைக்கிறாள். நாமும் அப்படித்தானே பழக்குகிறோம்? தப்பு வந்த உடனே நிறுத்தி, 'முதல்ல இருந்து பாடு' என்கிறோம். வீட்டில் தினமும் நிறுத்திப் பழகிய பிள்ளை மேடையிலும் நிறுத்தத்தானே செய்யும்.

இந்த ஆறு வாரமும் அவளுக்கு மறதியைக் கடந்துபோகப் பழக்குங்கள். பாடிக்கொண்டிருக்கும்போதே 'சரணம்' என்று சொல்லுங்கள், அவள் தாளத்தை விடாமல் அடுத்த எடுப்பில் சரணத்தைத் தொடங்க வேண்டும். இன்னொரு நாள் 'அனுபல்லவி'. முதல் வாரம் தடுமாறுவாள். போகப் போக அது அவளுக்கு ஒரு விளையாட்டாகிவிடும். பாட்டுக்குள் நுழைய நாலைந்து வாசல் இருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டால் பயம் பாதி போய்விடும். கூடவே ஒரே ஒரு சட்டம்: சொல் போனாலும் கை போகக் கூடாது. தாளம் போடும் கை ஓடிக்கொண்டே இருக்கட்டும். வாய் அகாரத்தில், அதாவது வெறும் 'ஆ' என்று, ராகத்தைப் பிடித்திருக்கட்டும். அடுத்த ஆவர்த்தனத்தில், தாளம் ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடங்கும்போது, வரி தானாக வந்து சேரும். வராவிட்டால் பல்லவிக்குத் திரும்பலாம். சபையில் பாதிப்பேருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. நீங்களும் வகுப்பில் நடுவில் நிறுத்துவதை இன்றோடு விடுங்கள். திருத்தம் எல்லாம் பாட்டு முடிந்த பிறகு.

நோட்டு, போன் இரண்டும் தனியாகப் பாடுபவர்களுக்கு வேண்டாம். கண் வரியில் போய்விட்டால் காது சுருதியை விட்டுவிடும். நோட்டில்லாமல் பாட முடியாத பாட்டென்றால் அது அந்தப் பிள்ளைக்கு இப்போதைக்குரிய பாட்டு இல்லை. கூட்டாகப் பாடும்போது நோட்டு இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் உங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் மலையாளத்திலும் பாதிப்பேர் தமிழிலும் எழுதி வைத்திருப்பார்கள். சுவாதித் திருநாளின் 'தேவி பாவனே' பாட வைத்தால், தமிழில் வாசிக்கிற பிள்ளைக்கு அந்தப் 'பா' எந்தப் 'பா' என்று எழுத்து சொல்லாது. நோட்டை மூடிவைத்து உங்கள் வாயைப் பார்த்து ஒருமுறை எல்லாரும் சொல்லட்டும்.

யாருக்கு எந்தச் சுருதி என்று நீங்கள் எழுதவில்லை, நான் சொல்கிறேன். பதினாலு பேரையும் ஒரே கட்டையில், அதாவது ஒரே சுருதி உயரத்தில், பாட வைக்காதீர்கள். சிறு பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை, சிலருக்கு ஆறு. உங்களிடம் இருக்கும் அந்தப் பதினாலு வயதுப் பையனுக்குக் குரல் உடைகிற பருவம். அவனை ஐந்து கட்டையில் மேல் ஷட்ஜத்துக்கு இழுப்பது கொடுமை. குரல் இன்று எங்கே இறங்கி நிற்கிறதோ அந்தச் சுருதியில், மேலே அதிகம் போகாத சின்னப் பாட்டாகப் பாடட்டும். வயது வரிசையை விட்டுவிட்டு சுருதி வரிசையில் நிகழ்ச்சியை அமையுங்கள். சுருதிப் பெட்டியை நொடியில் மாற்றிவிடலாம், மிருதங்கத்தை முடியாது. கல்லும் மரக்கட்டையும் கொண்டு தட்டிச் சேர்த்தாலும் ஒரு மிருதங்கம் கொஞ்சம்தான் ஏறும், இறங்கும். பையனுக்குத் தாழ்ந்த சுருதியில் பேசும் தக்கு சுருதி மிருதங்கம் தனியாக வேண்டும்.

பக்கவாத்தியக்காரர்களை மேடையில்தான் முதலில் பார்ப்பது என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். சுருதிப் பெட்டியோடு மட்டுமே பாடிய பிள்ளைக்குப் பக்கத்தில் மிருதங்கம் திடீரென்று முழங்கினால் தாளம் நழுவிவிடும். வயலின் பிள்ளையின் பாட்டை ஒரு நொடி பிந்தி வாசித்து வருவதும் அதற்குப் புதுசு, அதைக் கேட்டுக்கொண்டே நின்றுவிடும். இரண்டு ஒத்திகையாவது அவர்களோடு நடக்க வேண்டும். அதற்குக் கூடுதலாகப் பணம் கேட்டால் கொடுங்கள், மேடை அலங்காரத்தில் குறைத்துக்கொள்ளலாம். சிறு பிள்ளைகளுக்கு சர்வலகுவாக, கணக்கு வேலை இல்லாமல் நேரான நடையில் மட்டும் வாசிக்கும்படி மிருதங்கக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி ஒத்திகையில் பிள்ளைகள் அன்றைக்கு உடுத்தப்போகும் பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்து பாடட்டும். இடுப்பில் இறுக்கிக் கட்டிச் சம்மணமிட்டால் மூச்சு எங்கே இறங்கும்? தொடையில் பட்டு வழுக்கித் தாளம் போடும் கை நழுவுவதும் அப்போதுதான் தெரியும்.

போட்டி மேடையைக் காட்டிப் பேசும் பெற்றோரிடம் வேறொரு மேடையைச் சொல்லுங்கள். ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுவது உங்கள் ஊர்ச் சாலை வழியாகத்தான். அந்த விக்கிரகத்தின் முன்னால்தான் நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாள் கச்சேரி. அங்கே யாரும் கைதட்டுவதில்லை. பாடுவது தேவிக்கு. அந்த மண்டபத்தில் முதன்முதலாகப் பாடிய பெண் உங்கள் ஊர்க்காரர், பாறசாலை பொன்னம்மாள். 1924-ல் பிறந்தவர், அங்கே பாடியது 2006-ல். ஒன்பது வயதில் ஆலாபனை வரவில்லையே என்று பதறும் அப்பாவுக்கு இந்த இரண்டு ஆண்டுகளையும் எழுதிக் கொடுங்கள். உங்கள் மேடையிலும் எல்லாரும் பாடி முடித்தபின் ஒருமுறை கைதட்டினால் போதும் என்று அறிவித்துவிடலாம். ஒரு பிள்ளைக்குக் கூடவும் ஒரு பிள்ளைக்குக் குறையவும் கைதட்டு விழுவதைப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே இருப்பார்கள். வீடியோவுக்கும் ஒருவரை மட்டும் நியமியுங்கள். பாடும் பிள்ளையின் முகத்துக்கு நேரே பத்து போன் நீளக் கூடாது.

அந்தப் பெண்ணை மேடையேற்றலாமா என்று கேட்டீர்கள். ஏற்றலாம், அவள் சம்மதித்தால். ஐந்தாவது வாரத்தில் அவளிடமே கேளுங்கள். மாட்டேன் என்றால் கூட்டுப்பாட்டில் பாடட்டும், அதில் குறை ஒன்றும் இல்லை. சரி என்றால் முதலாவதாக வேண்டாம், கடைசி வரை காத்திருக்கவும் வைக்க வேண்டாம். மூன்றாவதாக உட்கார்த்துங்கள். நீங்கள் சபையில் உட்காராமல் மேடையிலேயே, அவள் ஓரக்கண்ணால் பார்க்கும்படி பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுங்கள். வரியை எடுத்துக் கொடுக்க வேண்டாம், உங்கள் கை போதும்.

பாட்டுப் பட்டியலையும் யார் யாருக்கு என்ன கட்டை என்பதையும் எழுதி அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா