ஆலைக்காரர் மகன் பார்த்த வானம்

அன்புள்ள ஐயா,

மகள் வீட்டுக்கு லண்டன் வந்து இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் நேஷனல் கேலரிக்குப் போனோம். ஜான் கான்ஸ்டபிளின் 'வைக்கோல் வண்டி'யை அவசியம் பார்க்க வேண்டும் என்று நீங்கள் எப்போதோ எழுதியது நினைவிருந்ததால் தேடிப் போய் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை. ஒரு வீடு, ஒரு ஓடை, ஒரு வண்டி, ஒரு நாய். பிஸ்கட் டப்பா மூடி மாதிரி இருந்தது. அப்புறம் டர்னரின் ரயில் ஓவியத்தைப் பார்த்ததும் திகைத்து நின்றுவிட்டேன். கான்ஸ்டபிள் வெறும் காலண்டர் ஓவியர்தானா? அந்தக் காலத்துக் கிராமத்தில் பசியும் சண்டையும் துக்கமும் இருந்திருக்காதா? இவர் படத்தில் மட்டும் ஏன் எல்லாம் இவ்வளவு சாந்தமாக இருக்கிறது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பிஸ்கட் டப்பா என்று நீங்கள் சொன்னதில் தப்பில்லை. இங்கிலாந்தில் அந்தப் படம் ஏறாத தட்டும் கோப்பையும் கிடையாது. அசலின் முன்னால் போய் நிற்பதற்குள் நகல்களைப் பார்த்தே நமக்குச் சலித்துவிடுகிறது.

முதலில் என் தப்பு ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். வைக்கோல் என்று நான் எழுதியது ஒரு வசதிக்காக. நம்மூர் நெல் தாள் இல்லை அது, குளிர்காலத் தீவனத்துக்காக அறுத்துக் காயவைக்கும் புல். அந்த வண்டியும் காலி வண்டி. படத்தின் வலது பக்கம், வெகு தூரத்தில், புல்வெளியில் சின்னச் சின்னதாக ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். புல் ஏற்ற வண்டி அங்கேதான் போகிறது. போகிற வழியில் ஓடையில் நிற்கிறது. வெயிலில் சக்கர மரம் சுருங்கினால் இரும்புப் பட்டை கழன்றுவிடும், தண்ணீரில் நிறுத்தினால் மரம் ஊறி இறுகும். அதற்காகத்தான் நிற்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அது சரியென்றே படுகிறது. படத்தை வரைந்தவர் வண்டிகளோடு வளர்ந்தவர்.

கான்ஸ்டபிள் 1776ல் சஃபோக் பகுதியில் ஈஸ்ட் பெர்கோல்ட் என்ற ஊரில் பிறந்தார். அப்பா தானிய வியாபாரி. ஸ்டோர் ஆற்றங்கரையில் ஃபிளாட்ஃபோர்டிலும் டெடமிலும் தண்ணீரில் ஓடும் மாவு ஆலைகள், ஊரில் ஒரு காற்றாலை, சரக்கை லண்டனுக்கு அனுப்ப சொந்தமாக ஒரு சின்னக் கப்பல். 'வைக்கோல் வண்டி'யில் நாம் நின்று பார்க்கும் இடமே அந்த ஃபிளாட்ஃபோர்டு ஆலையின் ஓரம்தான். நீங்கள் பார்த்த ஓடை அவர்கள் குடும்பத்துக்குச் சோறு போட்ட தண்ணீர். 1821ல் நண்பர் ஜான் ஃபிஷருக்கு எழுதிய கடிதத்தில், மதகில் தண்ணீர் பாயும் சத்தம், அழுகிய பலகை, பாசி பிடித்த கம்பம், செங்கல் சுவர், இவையெல்லாம்தான் எனக்குப் பிடிக்கும் என்கிறார். அழகான காட்சி தேடிப் போகிற ஒருவர் இப்படிப் பட்டியல் போடமாட்டார்.

அவர் கடைசிவரை இங்கிலாந்தை விட்டு வெளியே போகவே இல்லை. டர்னர் ஆல்ப்ஸ் மலைக்கும் வெனிஸுக்கும் போய் வந்தார். லண்டன் ஓவியர்கள் சங்கமான ராயல் அகாடமியின் முழு உறுப்பினர் பதவி டர்னருக்கு 26 வயதில் கிடைத்தது. அவரைவிட ஒரே ஒரு வயது இளையவரான கான்ஸ்டபிளுக்குக் கிடைத்தபோது வயது 52.

காற்றாலைக்காரர் வீட்டில் வானம் பார்த்த பிழைப்பு. காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சின்ன வயதிலேயே பார்த்துப் பழகியவர், 1821லும் 1822லும் ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் நின்று மேகங்களை மட்டுமே சின்னச் சின்னத் தாள்களில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்து தள்ளினார். பலவற்றின் பின்னால் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் குறித்திருக்கிறார். அந்தத் தாள்களை நான் அச்சில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும், இன்னும் அரை மணியில் மழை வரும் என்று சிலவற்றைப் பார்த்துச் சொல்லிவிடலாம். மறுபடி போனால் 'வைக்கோல் வண்டி'யின் மேல் பாதியை மட்டும் பாருங்கள். கீழே வெயில் விழுந்திருக்கும் ஒவ்வொரு இடமும் மேலே உள்ள மேகம் வழிவிட்டதால் வந்தது. அப்புறம் கிட்டே போய் இலைகளையும் தண்ணீரையும் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகப் பொட்டு வைத்திருப்பார். அந்தக் காலத்து விமர்சகர்கள் அதைப் பனி கொட்டிக் கிடக்கிறது என்று கிண்டல் செய்தார்கள். பிஸ்கட் டப்பாவில் முதலில் காணாமல் போவது அந்தப் பொட்டுகள்தான்.

ஆறடி அகலப் படம். கிராமத்தில் உட்கார்ந்து வரையவில்லை, லண்டனில் வரைந்தது. வண்டியின் அமைப்பு மறந்துபோய், ஊரிலிருந்து ஒருவரை வரைந்து அனுப்பச் சொல்லி வாங்கினார். 1821ல் அகாடமியில் மாட்டியபோது வாங்க ஆளில்லை. பிறகு ஒரு பாரிஸ் வியாபாரி இன்னும் இரண்டு படங்களோடு சேர்த்து 250 பவுண்டுக்கு எடுத்துப்போனார். 1824ல் பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. படத்தைப் பார்த்துவிட்டு பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா தன் பெரிய ஓவியத்தில் சில இடங்களைத் திரும்பத் தீட்டினார். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது காலண்டராகத் தெரியவில்லை!

பசியையும் சண்டையையும் பற்றிக் கேட்டீர்கள். அந்தக் கேள்வி நியாயம், அவருக்காக வாதாட மாட்டேன். 1822ல் சஃபோக்கில் கூலிக்காரர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். பக்கத்திலோ தூரத்திலோ தீ எரியாத இரவே இல்லை என்று ஊரிலிருந்து தம்பி சொன்னதை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்தத் தீ ஒரு படத்திலும் இல்லை. சொத்துள்ளவர் வீட்டுப் பிள்ளை, ஓட்டுரிமையை விரிவாக்கும் 1832 சட்டத்தைக்கூட வெறுத்தவர். தூரத்துப் புல்வெளியில் அந்த ஆட்கள் அவ்வளவு சின்னதாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் துக்கம் இல்லை என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். மரியா பிக்னெல் என்ற பெண்ணை 1809லிருந்து காதலித்தார். பெண்ணின் தாத்தா அதே ஊர்ப் பாதிரியார், அவருக்குப் பிடிக்கவில்லை. ஏழு வருடம் இழுத்து 1816ல்தான் கல்யாணம் நடந்தது. ஏழு குழந்தைகள். 1828ல் காசநோயில் மரியா இறந்துபோனார். அதன்பிறகு சாகும்வரை கான்ஸ்டபிள் கறுப்பு உடைதான் உடுத்தினார்.

கல்யாணத்துக்கு முன்னால், 1814ல், தேம்ஸ் முகத்துவாரத்தில் ஹாட்லி என்ற இடிந்த கோட்டையைப் பார்த்து, பென்சிலில் கிறுக்கி வைத்துக்கொண்டு, மரியாவுக்கும் அதைப் பற்றி எழுதியிருந்தார். மரியா போன பிறகு அந்தப் பழைய தாளை வெளியே எடுத்தார். அதை வைத்து வரைந்த முழு அளவு முன்வரைவு லண்டனிலேயே டேட் பிரிட்டன் என்ற ஓவியக் கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. பிளந்து நிற்கும் கோபுரம், கத்தியால் இழுத்துப் பூசிய வண்ணம், கலங்கிய வானம். டர்னருக்கு அங்கே தனிப் பகுதியே உண்டு, எப்படியும் போவீர்கள். ஹாட்லி இப்போது காட்சியில் இருக்கிறதா என்று போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.